எழுத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், குட்டீஸ்! சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர் லாரிகள் எதிரே வரும். ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். எல்லாவற்றையும் வேடிக்கை பாருங்கள். ஆனால், ஒன்றை மட்டும் உற்றுக் கவனியுங்கள். கார்களின் முன் கண்ணாடி!

கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டை சட்டென்று முடிந்துவிடாது. உள்பக்கம் வர வர, சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக மாறும். முதலில் பெரிய புள்ளிகள், அடுத்துச் சிறியவை, கடைசியில் கடுகு போன்றவை. அப்புறம் ஒன்றுமே இல்லை, சுத்தமான கண்ணாடி!

இது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. கண்ணாடியைக் காரோடு ஒட்டும் பசை வெயில் பட்டால் கெட்டுப்போகும். அதை மறைக்கத்தான் இந்தக் கறுப்புப் பட்டை. பீங்கான் போன்ற ஒரு மையை அச்சடித்து, கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டுவிடுவார்கள். பிறகு சுரண்டினாலும் போகாது. சரி, புள்ளிகள் எதற்கு? கண்ணாடியைச் சூடாக்கி வளைக்கும்போது, கறுப்புப் பகுதி சீக்கிரம் சூடாகும். மற்ற பகுதி மெதுவாகச் சூடாகும். இரண்டும் சட்டென்று சந்தித்தால் அந்த இடத்தில் கண்ணாடி நெளியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் புள்ளிகள், சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன.

முழுக் கறுப்பு, பாதிக் கறுப்பு, கால் கறுப்பு, ஒன்றுமில்லை. இந்த வரிசையை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் பார்க்கப் போகும் விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

என்ன விஷயம்? டைட்டில்!

டி.வி.யில் செய்தி வாசிக்கும்போது கீழே பெயர் வருகிறதே, அது. பள்ளி ஆண்டு விழா வீடியோவில் நடனத்தின் மேலேயே 'ஆறாம் வகுப்பு மாணவிகள்' என்று மிதந்து வருகிறதே, அது. எழுத்து மட்டும்தான் தெரியும். எழுத்தைச் சுற்றிலும், எழுத்தின் ஓட்டைகளுக்குள்ளும் நடனம் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த எழுத்து ஒரு படம்தான். எழுத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும் படம். அதை எப்படிச் செய்கிறார்கள்?

லேபிளும் ரேடியமும்

உங்கள் நோட்டுப் புத்தகத்தில் லேபிள் ஒட்டுவீர்கள் அல்லவா? வெள்ளைச் சதுரம், அதன் மேல் உங்கள் பெயர். அட்டையில் இருந்த யானைப் படத்தின் மேல் ஒட்டினால் யானையின் தலை காணாமல் போய்விடும்.

இப்போது ரேடியம் கடைக்குப் போங்கள். பைக், வேன், லாரிக் கண்ணாடிகளில் பெயர் ஒட்டித் தருவார்களே, அந்தக் கடை. அங்கே ஸ்டிக்கர் தாளில் எழுத்தின் வடிவத்தை மட்டும் மெஷின் கத்தி வெட்டும். மிச்சத் தாளை உரித்து எறிந்துவிடுவார்கள். கண்ணாடியில் எழுத்து மட்டும் நிற்கும். எழுத்துக்கு இடையே அந்தப் பக்கம் தெரியும்.

லேபிள் ஒட்டுவது சாதாரணப் படம். ரேடியம் ஒட்டுவது, பின்புலம் இல்லாத டைட்டில். சுலபம்தானே? ஆனால், சினிமாக்காரர்கள் இந்த இடத்துக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின.

சென்னையில் நடராஜ முதலியார் என்று ஒருவர் இருந்தார். மோட்டார் உதிரிபாக வியாபாரி! கார் சாமான் விற்றுக்கொண்டிருந்தவருக்கு சினிமா ஆசை வந்தது. தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசகவதம்' எடுத்தவர் அவர்தான். 1916 என்று சிலரும், 1918 என்று சிலரும் சொல்கிறார்கள். பேசாத படம். அதனால், கதையை விளக்க நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். தமிழ், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழிகளில். பாவம், அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இப்போது இல்லை.

அந்தக் காலத்து எழுத்து அட்டை, நோட்டு லேபிள் மாதிரிதான். பீமன் கையை ஓங்குவான்... படம் நிற்கும்... கறுப்பு அட்டையில் வசனம் வரும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி முடித்ததும் பீமன் மறுபடி வருவான். அந்தக் கொட்டகைகளில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கும் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது!

படத்தை நிறுத்தாமலே எழுத்தைக் காட்ட ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். சினிமா பிலிம் வெளிச்சம் பட்ட இடத்தில்தான் மாறும். கறுப்பு என்றால் வெளிச்சம் இல்லை என்று அர்த்தம். எனவே, முதலில் காட்சியைப் பதிவு செய். பிலிமைப் பின்னால் சுற்று. இப்போது கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து எழுதி, அதே பிலிமில் இன்னொரு முறை பதிவு செய். கறுப்பு இடம் எதையும் தொடாது. வெள்ளை எழுத்து மட்டும் காட்சியின் மேல் பதிந்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஓடும் காட்சியின் மேல் வெள்ளை எழுத்துகள் வந்தால், 'ஓ, இரண்டு முறை வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள்' என்று நீங்கள் பெரியவர்களிடம் சொல்லலாம்.

கலர் எழுத்து வேண்டும் என்றால்தான் சிக்கல். கலர் மேல் கலர் விழுந்து கலந்துவிடுமே! அதற்கு முகமூடி போட்டார்கள். எழுத்து வரப்போகும் இடத்தை மட்டும் மறைத்துக் காட்சியைப் பதிவு செய்வார்கள். அப்புறம், அந்த மறைத்த ஓட்டைக்குள் சரியாக எழுத்தைப் பொருத்துவார்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிக் கோடு தெரியும்.

நிஜக் கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் நார்மன் டான் என்பவர் 1907-லேயே கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதில் இடிந்துபோன கட்டடத்தின் கூரையை வரைந்து, பின்னால் இருந்த நிஜக் கட்டடத்தோடு சேர்த்துப் படம் பிடித்தார். பார்ப்பவர்களுக்கு முழுக் கட்டடமாகத் தெரியும்!

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலேயே பெரிய கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் செயின்ட் கோபைன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்த நிறுவனம் பிறந்தது 1665-ல், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில்! மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் எல்லாம் உலையில் உருகி, காய்ச்சிய ஈயத்தில்... இல்லை, ஈயம் அல்ல, வெள்ளீயத்தில் மிதந்து வரும். உருகிய வெள்ளீயத்தின் மேல்பரப்பு தண்ணீர் மாதிரி சமமாக இருப்பதால் கண்ணாடியும் மேடு பள்ளம் இல்லாமல் வருகிறது. தேய்க்கவே வேண்டாம். இங்கிலாந்தின் பில்கிங்டன் 1959-ல் உலகுக்குச் சொன்ன முறை இது.

நான்காவது எண்

கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் படம் என்பது வெறும் எண்கள்தான். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் 0 என்றால் கறுப்பு.

இங்கே ஒரு கேள்வி. 'ஒன்றுமே இல்லை' என்பதை எந்த எண்ணால் எழுதுவது? கறுப்பு என்றால் அதுவும் ஒரு நிறம். வெள்ளை என்றால் அதுவும் நிறம். மூன்று எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் ஏதோ ஒரு நிறம்தான் வரும்!

1970-களின் கடைசியில் அமெரிக்காவில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் விடை கண்டார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்தே வைத்துவிடுவோம் என்றார்கள். இந்த எண் நிறத்தைச் சொல்லாது. 'நான் இந்த இடத்தை எவ்வளவு மறைக்கிறேன்' என்று மட்டும் சொல்லும். 255 என்றால் முழுக்க மறைக்கும். 0 என்றால் அங்கே ஒன்றுமே இல்லை. 128 என்றால் பாதி. இதற்கு 'ஆல்ஃபா' என்று பெயர். கணக்குச் சூத்திரத்தில் அந்த கிரேக்க எழுத்தைப் போட்டிருந்தார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர், இப்படிப்பட்ட படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதற்கு முழுக் கணக்கையும் எழுதினார்கள். 1996-ல் நான்கு பேருக்கும் சேர்த்து ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 'டாய் ஸ்டோரி' எடுத்த பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் கேட்மலும் ஸ்மித்தும் உண்டு.

அந்தக் கணக்கு ஒன்றும் பூதம் இல்லை. நீங்களே போடலாம். எழுத்தின் சிவப்பு எண் 200. பின்னால் இருக்கும் காட்சியின் சிவப்பு எண் 40. எழுத்து கால் பங்குதான் மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்திலிருந்து கால் பங்கு: 50. காட்சியிலிருந்து முக்கால் பங்கு: 30. கூட்டினால் 80. திரையில் 80 தெரியும். அவ்வளவுதான்! பச்சைக்கும் நீலத்துக்கும் இதே கணக்கு.

கால், அரை என்றெல்லாம் ஏன் வேண்டும், மறைக்கிறது அல்லது மறைக்கவில்லை என்று இரண்டு போதாதா? போதாது. 'ட' என்ற எழுத்துக்கு ஓரளவு போதும், அது நேர்கோடுகளால் ஆனது. ஆனால் நம் 'ஐ', 'ண', 'ஞ' எல்லாம் வளைவும் சுழியுமாக இருக்கின்றன. சதுரங்களை அடுக்கி வளைவு செய்தால் மாடிப்படி மாதிரி பல் பல்லாகத் தெரியும். விளிம்பில் இருக்கும் சதுரங்களை மட்டும் பாதி, கால் என்று மங்கலாக வைத்தால் கண்ணுக்கு வழவழப்பான வளைவு தெரியும். கார்க் கண்ணாடியில் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததே, அதே வித்தை!

கணக்குப் போடும் வேகத்தையும் பாருங்கள். 1920 சதுரம் அகலம், 1080 சதுரம் உயரம் உள்ள ஒரு வீடியோ படத்தில் 20,73,600 சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள். ஒரு படத்துக்கு 82,94,400 எண்கள். ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடினால், இருபது கோடிக்கு மேல்!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிற்சாலை 2007-லிருந்து டி.வி. செய்கிறது. எந்த டி.வி.யாக இருந்தாலும், ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும்போது படத்தின் மேல் ஒரு பட்டை வருகிறதல்லவா? அது சேனல்காரர் அனுப்பியதல்ல. டி.வி.யே இந்தக் கணக்கைப் போட்டு மேலே வைக்கிறது.

செய்து பார்ப்போமா?

'ஜிம்ப்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 1990-களில் இரண்டு கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்தது. பள்ளிக் கணினியில் ஆசிரியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

புதுப் படம் திறக்கும்போது அகலம் 1920, உயரம் 1080 கொடுங்கள். கீழே கூடுதல் விருப்பங்களில், 'எதனால் நிரப்ப?' என்று கேட்கும் இடத்தில் வெள்ளையைத் தேர்ந்தெடுக்காமல் ஒளிபுகும் தன்மையைத் தேர்ந்தெடுங்கள். சதுரங்கப் பலகை மாதிரி சாம்பல் கட்டங்கள் வரும். பயப்படாதீர்கள்! அது படம் அல்ல. 'இங்கே ஒன்றும் இல்லை' என்பதற்கு அடையாளம். அதன் மேல் எழுத்தை எழுதுங்கள்.

எழுத்தை ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். பழைய குண்டு டி.வி.கள் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் விழுங்கிவிடும் என்பதால், அப்போதெல்லாம் ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விடுவார்கள். இப்போது இருபதில் ஒரு பங்கு விட்டால் போதும். அதாவது கீழே 54 சதுரம்.

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் நிறம். கம்ப்யூட்டரில் கட்டங்களின் மேல் வெள்ளை எழுத்து ஜம்மென்று இருக்கும். வீடியோவில் வைத்தால் பின்னால் வெள்ளைச் சட்டைப் பையன்கள் ஓடுவார்கள். எழுத்து காணோம்! எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு போடுங்கள். அல்லது எழுத்துக்கு அடியில் பாதி மறைக்கும் கறுப்புப் பட்டை ஒன்று வையுங்கள். என்னைக் கேட்டால் பட்டைதான் நல்லது. விளிம்பு போட்டால் சின்ன எழுத்தில் 'ண'வின் சுழிகள் அடைத்துப் போகின்றன.

சேமிக்கும்போது கவனம். ஜே.பி.ஜி.யாகச் சேமித்தால் எல்லாம் போச்சு! அதற்கு நான்காவது எண்ணே கிடையாது. ஒன்றுமில்லாத இடத்தையெல்லாம் வெள்ளையால் நிரப்பிவிடும். மறுபடி நோட்டு லேபிள்தான். ஜிஃப் வடிவத்தில் முழுக்க மறை, மறைக்காதே என்ற இரண்டுதான் உண்டு. பல் பல்லாக வரும். உங்களுக்கு வேண்டியது பி.என்.ஜி. 1996-லிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கும் வடிவம். நான்கு எண்களையும் ஒன்றுவிடாமல் காப்பாற்றும்.

அடுத்து 'ஓபன்ஷாட்', 'கேடென்லைவ்' போன்ற எந்த எடிட்டிங் மென்பொருளிலும் காட்சியைக் கீழ் வரிசையிலும் டைட்டிலை மேல் வரிசையிலும் வையுங்கள். வாய்விட்டு இரண்டு முறை நிதானமாகப் படிக்கும் நேரம் டைட்டில் திரையில் நிற்க வேண்டும். தாத்தா பாட்டியும் பார்ப்பார்கள் அல்லவா?

ஒரகடம் பாஸ், ஸ்ரீபெரும்புதூர் பெயில்!

'எடிட்டிங் மென்பொருளிலேயே எழுத்து அடிக்கலாமே, தனியாகப் படம் செய்வானேன்?' என்று கேட்பீர்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்கு ஒரு தொல்லை உண்டு.

'பெ' என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு போடுவோம், பிறகு 'ப'. ஆனால், யூனிகோட் முறையில் கம்ப்யூட்டர் முதலில் 'ப'வையும், பிறகு கொம்பையும் வைத்துக்கொள்ளும். நாம் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. தமிழ் தெரியாத மென்பொருள் அந்த வேலையைச் செய்யாது. 'பெயர்' என்று அடித்தால் கொம்பு நகர்ந்து 'பயெர்' என்று தெரியும்! 'கொ', 'தொ' என்றால் நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம்கூட முளைக்கும்.

'ஒரகடம்' என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் இல்லை, காலும் இல்லை. எந்த மென்பொருளிலும் தப்பித்துவிடும். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று அடியுங்கள். 'ஸ்ரீ' இரண்டாக உடையும். 'பெ'யின் கொம்பு 'ரு'வுக்கு முன்னால் போய் நிற்கும். 'பு', 'தூ' இரண்டிலும் வால் தனியே தொங்கும். ஒரே பெயருக்குள் எல்லாப் பரீட்சையும்! தமிழ் டைட்டில் மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல ஊர்ப்பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழா வீடியோவில் பெயர் குழம்பினால் தோழி கோபித்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனால், தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவருக்குக் காட்டும் பாதுகாப்பு வீடியோவில் 'தொடாதே', 'நெருப்பு' என்ற சொற்கள் இப்படி உடைந்து வந்தால்? இரண்டிலுமே கொம்பு இருக்கிறது, கவனித்தீர்களா? தமிழ் தெரிந்தவர் ஒரு நொடி திகைத்துப் படித்துவிடலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்து, இப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் ஓர் அண்ணனால் முடியாது.

பழைய டி.டி.பி. எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. கையால் எழுதுகிற மாதிரியே முதலில் கொம்பு, பிறகு எழுத்து என்று அடிப்பார்கள். அதனால்தான் தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் சில டைட்டில் கடைகளில் பழைய எழுத்துருவை விடவில்லை. ஆனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். இப்போது வரும் புதிய மென்பொருள்கள் பலவும் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. பள்ளிகளில் இருக்கும் பழைய பதிப்புகளை நம்பத்தான் முடியவில்லை.

பி.என்.ஜி. டைட்டில் இரண்டுக்கும் தப்பிக்கிறது. ஜிம்ப் தமிழை ஒழுங்காகக் காட்டும். அதை அப்படியே படமாக்கிவிட்டால், அதற்கப்புறம் அது எழுத்தே அல்ல, வெறும் சதுரங்கள்! எடிட்டிங் மென்பொருளுக்குத் தமிழ் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? கொம்பை நகர்த்த அதனால் முடியாது.

அதே காரணத்தால் ஒரு கஷ்டமும் உண்டு. படமாகிவிட்ட எழுத்தைத் திருத்த முடியாது. 'ஆண்டு விழா' என்பதை 'ஆண்டு விழ' என்று எழுதிவிட்டு, பி.என்.ஜி.யை மட்டும் வைத்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். ஜிம்ப்பின் சொந்த வடிவத்தில் ஒரு பிரதியும், பி.என்.ஜி.யில் ஒரு பிரதியும் சேமித்து வையுங்கள். பி.என்.ஜி.யாக்கும் முன், தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.